மலிவு ரைஃபிளும் கொயோட்டியும்: ஒரு கேலிபர் தேர்வின் அமெரிக்க வரலாறு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் துப்பாக்கி விற்கும் கடையொன்றில் நுழைந்து, கொயோட்டி வேட்டைக்கு அதிகச் செலவில்லாத ரைஃபிள் எது, அதற்கு எந்தக் கேலிபர் பொருந்தும் என்று ஒருவர் வினவினால், இன்று பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: .223 ரெமிங்டன் தோட்டாவுக்கான போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள். பொறியியல் நியாயம் மட்டுமே கொண்டதுபோல் தோன்றும் விடை இது. ஆனால் இதே வினாவுக்கு 1930இல் வேறு விடை இருந்தது, 1950இல் வேறு, 1970இல் வேறு. இந்தத் தொண்ணூறு ஆண்டுகளில் கொயோட்டியின் உடல் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியவை அதன் தோலின் விலையும், அதைக் கொல்ல அரசு கையாண்ட வழியும், படைத்துறைத் தோட்டா ஆலைகளின் உற்பத்தியுமே. கேலிபர் தேர்வு என்பது வேட்டைக்காரரின் சுவை சார்ந்தது என்று வேட்டை இலக்கியம் நம்ப விரும்புகிறது. வரலாறு அதற்கு இடம் தருவதாகத் தெரியவில்லை.

முதலில் விலங்கைப் பற்றிச் சிறிது. நவாட்டில் மொழியின் ‘கொயோட்ல்’ என்னும் சொல் ஸ்பானிய மொழி வழியாகக் ‘கொயோட்டி’ ஆயிற்று. தாமஸ் சே என்னும் இயற்கையியலாளர் 1823இல் அறிவியல் உலகுக்கு இதனை ‘கேனிஸ் லாட்ரன்ஸ்’, அதாவது குரைக்கும் நாய், என்று பெயரிட்டு விவரித்தார். மேற்குப் பகுதியில் இதன் எடை பொதுவாக 9 முதல் 16 கிலோகிராம் வரை. நம் குள்ளநரியைவிடப் பெரிது, ஓநாயைவிட மிகச் சிறிது. ஓநாய் அழிக்கப்பட்ட நிலங்களில் இது பரவியது. இன்று ஹவாய் தவிர அனைத்து மாநிலங்களிலும் வாழ்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் இதற்குப் பருவத் தடையோ எண்ணிக்கை வரம்போ இல்லை. மானுக்கு உரிமக் கட்டணம், குறிப்பிட்ட நாட்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு என்னும் வரம்பு உண்டு. கொயோட்டிக்கு அவை எவையுமில்லாத இடங்களே மிகுதி. ஆங்கிலத்தில் இத்தகைய விலங்குகளை ‘வார்மின்ட்’ என்பர். ‘வெர்மின்’ என்ற சொல்லின் நாட்டுப்புற உச்சரிப்பு அது. தொல்லை தரும் உயிர், கொன்றால் கேள்வி கேட்பாரற்ற உயிர் என்று பொருள்படும். கேள்வி கேட்பாரற்ற உயிரைக் கொல்வதற்குச் செலவழிக்கப்படும் பணமும் குறைவாகவே இருக்கவேண்டும் என்பது இச்சொல்லோடு சேர்ந்தே வந்த எதிர்பார்ப்பு.

மிகக் குறைந்த செலவில் கொல்லும் வழி துப்பாக்கியன்று, நஞ்சு. 1915இல் அமெரிக்க நாடாளுமன்றம் உயிரியல் அளவைத் துறைக்குக் கொன்றுண்ணி விலங்குகளை ஒழிக்க நிதி ஒதுக்கியது. 1931இல் நிறைவேறிய விலங்குச் சேதக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்பணியை நிலையான அரசுத் திட்டமாக்கியது. ஸ்ட்ரிக்னின் தடவிய இறைச்சித் துண்டுகள் ஆடு மேயும் மலைச்சரிவுகளெங்கும் இடப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ‘கலவை 1080’ என்னும் சோடியம் ஃபுளூரோஅசிடேட் அவற்றோடு சேர்ந்தது. துப்பாக்கியின் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடைய கருவி ஒன்றும் 1930களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு ‘மனிதநேயக் கொயோட்டி-கெட்டர்’ என்று பெயர். பெயரிட்டவரின் மனநிலை ஆராயத் தக்கது. நிலத்தில் நடப்பட்ட குழாயொன்றினுள் .38 கேலிபர் கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறை இருக்கும். குண்டுக்குப் பதிலாகச் சயனைடு அடைக்கப்பட்டிருக்கும். வாசனையால் ஈர்க்கப்பட்ட விலங்கு அதைக் கடித்து இழுக்கையில் தோட்டா வெடித்து நஞ்சை வாய்க்குள் செலுத்தும். சுடுபவரே தேவைப்படாத துப்பாக்கி என்று அதைச் சொல்லலாம். இரவு முழுவதும் காத்திருக்க ஆளில்லை. ஓர் ஊழியர் பல மைல்களில் நூற்றுக்கணக்கான கருவிகளை நட்டுவிட்டுச் செல்லலாம். இதனோடு விலையில் போட்டியிட எந்த ரைஃபிளாலும் இயலவில்லை. ஆகவே நூற்றாண்டின் முற்பாதியில் கொயோட்டியைச் சுட்டவர்கள் ஒழிப்புப் பணியாளர்களைவிட, வேலியோரத்தில் தற்செயலாக அதைக் கண்ட பண்ணையாளர்களும், தோலுக்காகச் சுட்ட ஏழைகளும், தொலைவுச் சுடுதலைக் கலையாகப் பயின்ற சிறு குழுவினருமே எனலாம்.

பண்ணையாளரிடம் இருந்தது பெரும்பாலும் மான் துப்பாக்கி. வின்செஸ்டர் 1894 மாதிரியில்.30-30 தோட்டா. அதன் குண்டு கனமானது, மெதுவானது. மெதுவான குண்டு நெடுந்தொலைவில் வளைந்து தாழும். இருநூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் விலங்கின் தொலைவைக் கண்ணால் கணித்து, குண்டு எவ்வளவு தாழும் என்று ஊகித்து, அதற்கேற்ப உயர்த்திக் குறிவைக்கவேண்டும். மானின் மார்பு அகலமானது. சிறு பிழையைப் பொறுக்கும். கொயோட்டியின் மார்பின் உயிர்நிலையோ ஏறத்தாழ ஒரு சாணுக்குள் அடங்கும். கொயோட்டித் தோட்டாவின் வரலாறு முழுவதையும் இந்த ஓர் இடர்ப்பாட்டிலிருந்து விளக்கிவிடலாம்: சிறிய, இலேசான குண்டை எவ்வளவு வேகமாகச் செலுத்தினால், தொலைவைக் கணிக்கத் தேவையின்றி நேரே குறிவைக்க முடியும்?

முதல் விடை அரசின் படைக்கலச் சாலையிலிருந்தே வந்தது. 1920களின் பிற்பகுதியில் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையைச் சூழ்ந்திருந்த டவுன்சென்ட் வீலன், குரோவனர் வாட்கின்ஸ் முதலிய அதிகாரிகள், 1885இல் உருவான .22 டபிள்யூ.சி.எஃப். என்னும் பழைய கருமருந்துத் தோட்டாவின் உறையைப் புகையற்ற வெடிமருந்தால் நிரப்பிப் பரிசோதித்தனர். படைவீரர்க்குச் சுடுபயிற்சி அளிக்க உருவாக்கப்பட்ட 1922 மாதிரி .22 ரைஃபிளே அவர்களுடைய சோதனைக் களம். இதன் விளைவு .22 ஹார்னெட். வின்செஸ்டர் நிறுவனம் 1930இல் இத்தோட்டாவை விற்கத் தொடங்கியபோது, இதற்கென ஆலையில் செய்த ரைஃபிள் ஒன்றுகூட இல்லை. தோட்டா முதலில் வந்தது, துப்பாக்கி பின்னால் வந்தது. 45 கிரெயின் எடையுள்ள குண்டு, ஏறத்தாழ மூன்று கிராம், வினாடிக்கு 2,400 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் சென்றது. வெடிமருந்து சிறிதளவே தேவைப்பட்டதால் செலவு குறைவு, ஓசை குறைவு, குழலின் தேய்மானமும் குறைவு. பெருமந்தத்தின் ஆண்டுகளில் இவை சிறு நற்பண்புகள் அல்ல. ஆனால் நூற்றைம்பது கெஜத்துக்கு மேல் கொயோட்டியை உறுதியாக வீழ்த்த ஹார்னெட்டால் இயலாது என்பதும் விரைவில் தெரிந்துவிட்டது.

1935இல் வின்செஸ்டர் மறுமுனைக்குத் தாவியது. .220 ஸ்விஃப்ட் தோட்டாவின் 48 கிரெயின் குண்டுக்கு வினாடிக்கு 4,100 அடியைத் தாண்டிய வேகம் விளம்பரப்படுத்தப்பட்டது. வணிகத் தோட்டாக்களில் நாலாயிரம் அடியைக் கடந்த முதல் தோட்டா அதுவே. முந்நூறு கெஜம்வரை தொலைவுக் கணிப்பே ஏறக்குறையத் தேவையற்றதாயிற்று. ஆயினும் அதன் வெப்பமும் அழுத்தமும் அக்கால எஃகுக் குழல்களை விரைவில் அரித்தன என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயரில் மிகைப்படுத்தலும் உண்டு. ஆனால் ஒரே துப்பாக்கியை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க எண்ணிய குடும்பத்துக்கு, குழல் தேயும் என்ற வதந்தியே போதுமான தடையாயிற்று. ஸ்விஃப்ட் பணமுள்ளவரின் தோட்டாவாகவே இருந்தது.

இவ்விடத்தில் பெயர்களின் குழப்பம் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். .220 ஸ்விஃப்ட், .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250 ஆகிய நான்கும் வெவ்வேறு தடிமனுள்ள குண்டுகளைச் சுடுவன என்று எண்கள் எண்ணச் செய்கின்றன. உண்மையில் நான்கின் குண்டும் ஒன்றே, விட்டம் 0.224 அங்குலம். வேறுபடுவது பின்னாலுள்ள உறையின் கொள்ளளவு, அதாவது வெடிமருந்தின் அளவு. எனவே ‘கேலிபர் தேர்வு’ என்று வழங்கப்படுவது பெரும்பாலும் வெடிமருந்துச் செலவின் தேர்வு. இத்தோட்டாக்களின் பெயர்களைப் பண்பாட்டு ஆவணமாக வாசிக்க முனையும் மாணவர்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது. பெயரிடலில் அளவியலைவிட விற்பனையே மேலோங்கி நின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ‘மலிவு’ என்ற சொல்லுக்கே பொருள் மாறியது. ஐரோப்பியப் படைகளின் எஞ்சிய ரைஃபிள்கள், ஜெர்மானிய மவுசர், பிரித்தானிய லீ-என்ஃபீல்டு, இத்தாலிய கார்க்கானோ, கப்பல் கப்பலாக அமெரிக்காவில் இறங்கின. தபால்வழி விற்பனைப் பட்டியல்களில் இருபது, முப்பது டாலருக்கு அவை கிடைத்தன. மவுசரின் உடற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, புதுக் குழல் பொருத்தி, மரக்கட்டையைச் செதுக்கித் தன் விருப்பக் கேலிபருக்கு மாற்றிக்கொள்வது கிராமப்புறக் கைவினையாகவே வளர்ந்தது. இக்காலத்தில் கொயோட்டி வேட்டைக்குப் பயன்பட்ட மலிவுத் துப்பாக்கிகளில் பல, ஐரோப்பாவில் மனிதரை நோக்கிப் பிடிக்கப்பட்டவை. இந்த வணிகம் முடிவுக்கு வந்ததும் ஒரு கொலையின் விளைவாகவே. 1963 நவம்பரில் ஜான் கென்னடியைக் கொல்லப் பயன்பட்ட கார்க்கானோ, சிகாகோ நகர வணிகரிடமிருந்து தொலைநோக்கியுடன் 19.95 டாலருக்குத் தபாலில் வாங்கப்பட்டது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாநில எல்லை தாண்டிய தபால் விற்பனையைத் தடுத்தது. அயல்நாட்டுப் படை எச்சங்களின் இறக்குமதியையும் நிறுத்தியது. அச்சட்டத்தைப் பற்றிய ஆய்வுகள் நகர்ப்புறக் குற்றத்தையே மையமாகக் கொள்கின்றன. உள்நாட்டு ஆலைகளுக்கு மலிவு ரைஃபிள் சந்தையைத் திறந்துவிட்டதும் அச்சட்டம்தான் என்பது அவற்றில் அரிதாகவே பேசப்படுகிறது.

அவ்வாலைகள் அதற்கு முன்பே ஆயத்தமாகத் தொடங்கியிருந்தன. ரெமிங்டன் 1948இல் வெளியிட்ட 721, 722 மாதிரிகளின் உடற்பகுதி உருளை வடிவ எஃகுத் தண்டிலிருந்து கடையப்பட்டது. மவுசர் முறையில் அடித்து உருவாக்கி, பக்கம் பக்கமாகச் செதுக்கிய உடற்பகுதியோடு ஒப்பிட்டால் இதற்குத் தேவைப்பட்ட இயந்திர நேரம் மிகக் குறைவு. 722 மாதிரிக்காக மைக் வாக்கர் என்னும் பொறியாளர் 1950இல் .222 ரெமிங்டன் தோட்டாவை வடிவமைத்தார். ஹார்னெட்டுக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் இடைப்பட்ட ஆற்றல், வினாடிக்கு 3,200 அடி அளவில் வேகம், குறி தவறாமைக்குப் பெரும்பெயர். மலிவான துப்பாக்கியும் துல்லியமான தோட்டாவும் ஒரே பொதியில் கிடைத்த முதல் நிகழ்வு இது. .222 அடுத்த அரை நூற்றாண்டு அரசாண்டிருக்க வேண்டும். அதைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஓரங்கட்டியது அதன் சொந்தக் குழந்தையே.

1957 அளவில் அமெரிக்கப் படைத்துறை, ஐந்நூறு கெஜத்தில் எஃகுத் தலைக்கவசத்தைத் துளைக்கும் சிறு கேலிபர் ரைஃபிளைக் கோரியது. ஆர்மலைட் நிறுவனத்தின் யூஜின் ஸ்டோனரும் உடனுழைத்தவர்களும் .222 தோட்டாவையே அடிப்படையாகக் கொண்டனர். அதில் போதிய வேகம் பெற முயன்றால் அழுத்தம் வரம்பு மீறியதால், உறையைச் சற்று நீட்டினர். அதுவே .223 ரெமிங்டன் ஆயிற்று. 1964இல் எம்-193 என்னும் பெயருடன் படைத் தோட்டாவாக ஏற்கப்பட்டு வியட்நாமுக்குச் சென்றது. கொயோட்டிக்கும் புல்வெளி அணிலுக்கும் வடிவமைக்கப்பட்ட தோட்டா மனிதருக்கெதிரான தோட்டாவாகி, பின்னர் மீண்டும் கொயோட்டியிடம் திரும்பியது. திரும்பி வந்தபோது அதன் விலை மாறியிருந்தது. மிசூரி மாநிலத்தின் லேக் சிட்டி படைத் தோட்டா ஆலை போன்றவை கோடிக்கணக்கில் இதே அளவில் உறைகளை உற்பத்தி செய்தன. எஞ்சிய உற்பத்தி குடிமக்கள் சந்தைக்கு வழிந்தது. படைப் பயிற்சித் திடல்களில் சிந்திக் கிடந்த பித்தளை உறைகள் மறுபயன்பாட்டுக்கு மலிவாய்க் கிடைத்தன. துல்லியத்தில் .223 அதன் தாயைவிடச் சிறந்தது என்று 1960களின் வேட்டைக்காரர்கள் கருதவில்லை. அது எங்கும் கிடைத்தது, குறைந்த விலையில் கிடைத்தது; .222 மறைந்துபோக அது போதுமானதாயிற்று.

இந்திய வாசகர்க்கு இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். பிரித்தானிய இந்தியாவில் படைத்துறைக் கேலிபரான .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது. படைக்கிடங்கிலிருந்து களவாடப்படும் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே அதன் தருக்கம். விடுதலைக்குப் பின்னும் ‘தடைசெய்யப்பட்ட துளையளவு’ என்னும் வகைப்பாடு தொடர்ந்தது. ஈசாப்பூர் படைக்கல ஆலை குடிமக்களுக்காகச் செய்த .315 ரைஃபிள், லீ-என்ஃபீல்டின் அமைப்பையே கொண்டும் வேறு தோட்டாவைச் சுடுவதற்குக் காரணம் இதுவே. ஒரு நாட்டில் அரசின் கேலிபர் குடிமக்களிடமிருந்து காக்கப்பட்டது. மற்றொன்றில் அரசின் கேலிபரே குடிமக்களின் மலிவுக் கேலிபர். முதற்கொள்கை இந்தியாவில் உரிமத் துப்பாக்கியைச் செலவுமிக்க பொருளாக்கியது. இரண்டாவது அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பதையும் சுடுவதையும் அன்றாட வழக்கமாக்கியது. இரு நாட்டு ஆயுதச் சட்டங்களின் வாசகங்களை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகள் தோட்டாவின் விலையையும் கணக்கில் கொண்டால் இன்னும் தெளிவு பெறும்.

கொயோட்டியின் வரலாற்றில் 1972 திருப்புமுனை. அவ்வாண்டு பிப்ரவரியில் அதிபர் நிக்சன் வெளியிட்ட நிர்வாக ஆணை, கூட்டரசு நிலங்களில் கொன்றுண்ணிகளுக்கு நஞ்சிடுவதைத் தடைசெய்தது. சில வாரங்களில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்நஞ்சுகளின் பதிவையும் நீக்கியது. கழுகுகளும் பிற உயிர்களும் நச்சிறைச்சியால் மடிந்ததும், அறிஞர் குழுக்கள் அளித்த கடுமையான அறிக்கைகளும் இதற்குப் பின்னணி. சயனைடுக் கருவி மட்டும் வெடிமருந்துக்குப் பதிலாக விற்சுருளால் இயங்கும் எம்-44 வடிவில் 1975இல் மீண்டும் அனுமதி பெற்றது. ஏறத்தாழ இதே ஆண்டுகளில் நீண்ட உரோமத் தோல்களின் விலை உலகச் சந்தையில் பன்மடங்கு ஏறியது. ஒருபுறம் நஞ்சு பின்வாங்கியது; மறுபுறம் விலங்கின் தோல் கூலிவேலையைவிடக் கூடுதல் வருவாய் தரும் பொருளாயிற்று. அடிபட்ட முயலின் ஓலத்தை ஊதுகுழலால் எழுப்பி விலங்கை அருகே வரவழைக்கும் முறையை, டெக்சாசின் பர்ன்ஹாம் சகோதரர்கள் முன்பே பரப்பியிருந்தனர். இப்போது அதற்குப் பொருளாதாரக் காரணமும் சேர்ந்தது. கொயோட்டி ரைஃபிள் என்னும் தனிச்சந்தை உண்மையில் உருவானது இப்போதுதான்.

தோலுக்குச் சுடுபவரும் ஒழிப்பதற்குச் சுடுபவரும் ஒரே துப்பாக்கியை நாடுவதில்லை. ஆட்டுப்பண்ணையாளருக்கு விலங்கு விழுந்தால் போதும். துளை எவ்வளவு பெரிது என்பது பொருட்டன்று. தோல் வணிகர்க்கு முதுகிலோ விலாவிலோ கிழிந்த தோல் பாதி விலைகூடப் பெறாது. 1965இல் ரெமிங்டன் முறைப்படுத்திய .22-250 தொலைவுக்குச் சிறந்தது, 1915ஆம் ஆண்டின்.250 சாவேஜ் உறையைக் குறுக்கித் தனியார் பட்டறைகளில் பிறந்தது அது. எனினும் அருகில் சுட்டால் தோலைக் கிழித்துவிடும். 1955இல் வந்த .243 வின்செஸ்டரின் குண்டு கனமானது. புல்வெளிக் காற்றில் எளிதில் விலகாது, ஆனால் பெரும்பாலும் வெளியேறும் பக்கத்தில் கையளவு துளையிடும். .223 இரண்டுக்கும் குறைந்த ஆற்றலுடையது. அழைத்து வரவழைத்து நூறு, இருநூறு கெஜத்துக்குள் சுடுபவருக்கு அக்குறைவே நன்மையாயிற்று: மெல்லிய உறையுடைய இலேசான குண்டு உடலுக்குள்ளேயே சிதறி, நுழைந்த இடத்தில் சிறு துளையை மட்டும் விட்டது. மலிவான தோட்டா தோலுக்கும் ஏற்றதாக அமைந்தது வடிவமைப்பன்று, தற்செயல்.

ஆயினும் எல்லா ஏழைக் குடும்பமும் .223ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. காரணம் மான். கொலராடோவிலும் வாஷிங்டனிலும் பெருவிலங்கு வேட்டைக்குக் குறைந்தது .24 கேலிபர் வேண்டும் என்பது சட்டம், வர்ஜீனியாவில் மானுக்கு.23. இத்தகைய மாநிலங்களில் .223 வைத்திருப்பவர் குளிர்கால இறைச்சிக்கு இரண்டாவது துப்பாக்கி வாங்கியாக வேண்டும். ஆகவே ஒரே ரைஃபிள் மட்டுமே வாங்கக்கூடியவர்க்கு, தோட்டா விலை கூடினாலும் .243தான் மொத்தத்தில் மலிவு. துப்பாக்கியின் விலைச்சீட்டில் இக்கணக்கு தெரிவதில்லை. வேட்டை இதழ்கள் ஐம்பது ஆண்டுகளாக ‘.223 சிறந்ததா, .243 சிறந்ததா’ என்று வாதிட்டு வந்ததை வேகத்தின் வாதமாகப் படிப்பதைவிட, ஒரு துப்பாக்கி உள்ள வீட்டுக்கும் பல துப்பாக்கி உள்ள வீட்டுக்கும் இடையிலான வாதமாகப் படிப்பதே பொருத்தம்.

ஆலைகள் விலையைக் குறைத்த விதம் தனியே கவனிக்கத் தக்கது. சாவேஜ் நிறுவனத்துக்காக நிக்கலஸ் பிரூவர் வடிவமைத்து 1958இல் வந்த 110 மாதிரியில் குழல் ஒரு திருகுமரையால் உடற்பகுதியில் இறுக்கப்பட்டது. தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி மயிரிழை பிசகினாலும் ஆபத்து. மற்ற ஆலைகளில் தேர்ந்த கைவினைஞர் குழலைக் கடைந்து கடைந்து அதைச் சரிசெய்வர். சாவேஜ் முறையில் அளவுகோலை உள்ளே வைத்துக் குழலைத் திருகி, மரையை இறுக்கினால் முடிந்தது. கைத்திறன் மிக்க தொழிலாளியின் ஒரு மணி நேரம் சில நிமிடமாகக் குறைந்தது. ரெமிங்டன் 1967இல் கொணர்ந்த 788 மாதிரி இன்னும் வெளிப்படையான சிக்கனம்: வேலைப்பாடற்ற மட்டமரக் கட்டை, மெருகற்ற எஃகு, போல்ட்டின் பின்பகுதியில் ஒன்பது பூட்டுமுனைகள். அது .222, .22-250, .243 முதலிய கேலிபர்களில் கிடைத்தது. அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த 700 மாதிரிக்குக் குறிதவறாமையில் சளைத்ததில்லை என்று பெயர் வாங்கியது. 1983இல் அதன் உற்பத்தி நின்றது. மலிவுப் பொருள் உயர்ந்த பொருளோடு நெருங்கிப் போட்டியிடுவதை எந்த ஆலையும் நெடுநாள் விரும்புவதில்லை என்று வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொண்டனர். அது ஐயமாகவே இருக்கட்டும்.

சாவேஜ் 1988இல் திவாலாகி, 110 மாதிரியை மட்டும் பற்றிக்கொண்டு மீண்டெழுந்தது. அதன் பின்வந்த தலைமுறை, சாவேஜின் ஆக்சிஸ், 2012இல் வந்த ரூகர் அமெரிக்கன் முதலியவை, அதே தருக்கத்தை நெகிழிக்குக் கொண்டு சென்றன. அச்சில் வார்த்த கட்டை, நெகிழிப் பத்தாயம், இயந்திரமே அடித்துருவாக்கிய குழல். வாங்குபவர் இழந்தது வழவழப்பையும் மரத்தின் அழகையுமே. குழலின் தரம் குறையவில்லை. துப்பாக்கியின் துல்லியம் பெரும்பகுதி குழலைப் பொறுத்தது என்பதால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தனிப்பட்டறையில் மட்டுமே கிடைத்த குறிதவறாமை இப்போது கூலித் தொழிலாளியின் கைக்கெட்டியது. மலிவு ரைஃபிளின் வரலாற்றில் உண்மையான சமத்துவம் என்று சொல்லத்தக்க ஒன்று உண்டென்றால் அது இதுவே. அச்சமத்துவம் எதன்மேல் செலுத்தப்பட்டது என்பது வேறு வினா.

ஏனெனில் அதே காலத்தில் கொயோட்டியைச் சுடுவதற்கான பழைய காரணம் கரைந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் ஆட்டு எண்ணிக்கை 1942இல் ஏறத்தாழ 5.6 கோடி, இன்று அரைக் கோடியளவு. செயற்கை இழையும் அயல்நாட்டுக் கம்பளியும் மாறிய உணவுப் பழக்கமும் செய்த அழிவோடு ஒப்பிட்டால் கொயோட்டி தின்றது சிறிதே. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கை கானலி, வில்லியம் லாங்ஹர்ஸ்ட் ஆகியோர் 1975இல் வெளியிட்ட கணித மாதிரி, ஆண்டுதோறும் நான்கில் மூன்று பங்கு விலங்குகளைக் கொன்றாலும் அவ்வினம் அற்றுப்போக ஐம்பது ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டது. எண்ணிக்கை குறையும்போது எஞ்சியவற்றுக்கு இரை பெருகும்; குட்டிகள் மிகுதியாய்ப் பிறந்து மிகுதியாய்ப் பிழைக்கும். மலிவு ரைஃபிள்கள் எத்தனை இலட்சம் விற்றபோதும் நாடு முழுவதிலும் நான்கில் மூன்று பங்கை எந்த ஆண்டும் அவை எட்டியதில்லை. இருப்பினும் யூட்டா மாநிலம் 2012 முதல் தலைக்கு ஐம்பது டாலர் பரிசளிக்கிறது. மறுதிசையில் கலிஃபோர்னியா 2014இலும், வெர்மான்ட் 2018இலும், நியூ மெக்சிகோ 2019இலும் கொயோட்டிக் கொலைப் போட்டிகளைத் தடைசெய்தன.

தோலின் விலையும் நிலைக்கவில்லை. 2010களில் குளிர் மேலாடைகளின் தொப்பி விளிம்புக்கு மேற்கத்திய கொயோட்டித் தோல் தேவைப்பட்டதால் மற்ற உரோமங்கள் வீழ்ந்தபோதும் அது மட்டும் தலைநிமிர்ந்து நின்றது. 2019இல் வட அமெரிக்க உரோம ஏல நிறுவனம் கடன் நெருக்கடியில் மூழ்கியது. 2021இல் கனடா கூஸ் நிறுவனம் உரோமம் வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. தோல் கிழியாத கேலிபர் எது என்ற நுண்ணிய விவாதம் பயனற்றதாகத் தொடங்கியது அப்போதுதான். .223இன் மலிவும் நிபந்தனைக்குட்பட்டது என்பது 2012 டிசம்பருக்குப் பிறகும் 2020இலும் தெரிந்தது. தடைச் சட்டம் குறித்த அச்சத்தாலும் பெருந்தொற்றுக் கலக்கத்தாலும் படைவகைத் துப்பாக்கிகளுக்கான தோட்டாக்களை மக்கள் வாங்கிக் குவித்தபோது கடைகளில் முதலில் காலியான அடுக்குகளில் ஒன்று அதனுடையது. படைத் தோட்டாவோடு பிணைந்து மலிவானது, அதே பிணைப்பால் கிடைக்காமலும் போனது.

இப்போது ஈயத்தின் முறை. சுடப்பட்டுக் கிடக்கும் கொயோட்டியின் உடலைக் காண்டார் கழுகுகள் தின்று ஈயநஞ்சுக்கு ஆளாவதால், அக்கழுகுகள் வாழும் பகுதியில் பெருவிலங்குக்கும் கொயோட்டிக்கும் ஈயக் குண்டைக் கலிஃபோர்னியா 2008இல் விலக்கியது. 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் எல்லா வேட்டைக்கும் அத்தடை நீண்டது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகும். நீண்ட குண்டு நிலைகுலையாமல் பறக்கக் குழலின் உட்பள்ளங்கள் விரைவாக முறுக்கப்பட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு அல்லது பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற பழைய முறுக்குள்ள 1970களின் .223, .22-250 ரைஃபிள்களில் அத்தகைய குண்டுகள் பல குறியில் விழுவதில்லை. மிக இலேசான செம்புக் குண்டுகள் உண்டு; அவற்றின் விலை ஈயக் குண்டைவிடக் கூடுதல். தந்தையிடமிருந்து செலவின்றிக் கைக்கு வந்த 788ஐ வைத்திருப்பவர், அதற்கேற்ற தோட்டாவைத் தேடி வாங்குவதா, எட்டோ ஒன்பதோ அங்குல முறுக்குள்ள புதிய நெகிழிக்கட்டை ரைஃபிளை வாங்குவதா என்று இன்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.